மண்ணின் சம்மதம்

மண்வெட்டி பலகையில் இடித்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. விடச் சொல்லவில்லை.

குழிக்குள் நின்ற ஸ்தாமாதிஸ் நிமிர்ந்து பார்த்தான். லெஃப்தெரிஸ் பாதிரியார் தலையசைத்தார். சின்ன வயது அவருக்கு. இந்தத் தீவுக்கு வந்தபின் அவர் திறக்கச் சொல்லும் முதல் கல்லறை இது. கையில் தூபக்கலசத்தைப் பிடித்திருந்தார்.

புதைத்துச் சில வருடம் ஆனதும் கல்லறையைத் திறந்து பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். உள்ளே அப்பா இருந்தார். எலும்பாக இருக்கிறாரா, ஆளாகவே இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

எலும்பாக இருந்தால் ஒயினில் கழுவி, பெட்டியில் போட்டு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பறையில் வைத்துவிடலாம். அம்மாவுக்கும் நாளைக்கு அங்கேதான் இடம்.

கரையாமல் இருந்தால் அவர் காட்டேரி. ஆளில்லாத பாறைத்தீவுக்குப் படகில் கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார்கள். காட்டேரியால் கடலைத் தாண்டி வர முடியாது. அம்மாவாலும் அங்கே போக முடியாது.

இத்தனைக்கும் அப்பா ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் செய்ததில்லை. ரத்தம் குடித்தது சினிமாவில்தான். அதுவும் தக்காளிச் சாறு.

ஏதென்ஸிலிருந்து படம் எடுக்க வந்தவர்களுக்கு அவருடைய நீள முகம் பிடித்துப்போயிற்று. வலை உலர்த்திக்கொண்டிருந்தவரைக் கூட்டிப்போய், கறுப்பு அங்கி மாட்டி, இதே கல்லறைத் தோட்டத்தில் சவப்பெட்டியிலிருந்து எழ வைத்தார்கள். சிலுவையைக் கண்டதும் அலறிக்கொண்டு ஓட வேண்டும். ஓடினார். கோடையில் துறைமுகத்தில் திரை கட்டிப் படத்தைப் போட்டபோது ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

அப்போது எங்கள் கோயிலில் இருந்த யெராசிமோஸ் பாதிரியார் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் எதற்குத்தான் சிரித்தார், இதற்குச் சிரிக்க. அடுத்த ஞாயிறு பூசையில் அப்பாவின் பெயரைச் சொல்லி, இவனை மண் கரைக்காமல் போகட்டும் என்று சபித்தார்.

படக்காரர்களுக்கு எங்கள் ஊர்க் காட்டேரியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவர்களுடையது சிலுவையைக் கண்டு ஓடுகிறது. எங்கள் ஊரில் சிலுவை பிடித்த கைதான் காட்டேரியை உண்டாக்குகிறது.

அதன்பிறகு அப்பா கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஈஸ்டர் அன்று வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம் மெழுகுவர்த்தி கொடுத்தனுப்புவார். சாகப்போகிற நேரத்திலும் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மாருசோ, நான் கரைஞ்சிடுவேன்ல?"

ஸ்தாமாதிஸ் பலகையைப் பெயர்த்தான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

மணிக்கட்டில் அம்மாவின் பிடி தளர்ந்தது.

எலும்பு. சுத்தமான எலும்பு, தேன்மெழுகு நிறத்தில். அதைவிட நல்ல நிறம் கிடையாது என்பார்கள்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மண்டையோட்டை மடியில் வாங்கி, ஒயின் ஊற்றி, பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டுவதுபோல் கழுவினாள். மகராசன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் வாய்விட்டு அழுதேன்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கே இன்னொரு குழியும் திறக்க வேண்டியிருந்தது. அப்பா போன அதே குளிர்காலத்தில்தான் யெராசிமோஸ் பாதிரியாரும் போனார்.

அந்தப் பலகை பெயர்ந்ததும் ஸ்தாமாதிஸ் மண்வெட்டியை உள்ளேயே போட்டுவிட்டு மேலேறி வந்தான். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

எட்டிப் பார்த்தோம்.

தாடி அப்படியே இருந்தது. விரல்கள் இருந்தன. வயிறு மத்தளம்போல் உப்பியிருந்தது.

அவருடைய தங்கை மண்டியிட்டாள். புனிதர்களின் உடலையும் மண் தின்னாது என்று அழுதுகொண்டே சொன்னாள். உண்மைதான். ஆனால் புனிதர்களைத் திறந்தால் பூ வாசம் வரும். இங்கே பெண்கள் பிள்ளைகளின் மூக்கைப் பொத்திப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி இவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவாரோ என்ற யோசனை ஒவ்வொரு முகத்திலும் ஓடியது.

லெஃப்தெரிஸ் பாதிரியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. இவரால் கெடுதலுக்கு ஆளானவர்கள் வாய்விட்டு மன்னித்தால்தான் மண் ஏற்றுக்கொள்ளும் என்றார். மன்னிப்பு ஜெபம் சொல்லி, ஒயின் தெளித்து, குழியை மூடிவிடலாம். சில வருடம் கழித்துத் திறந்தால் எலும்புதான் இருக்கும். சொல்லும்போதே அவர் பார்வை அம்மாவிடம் வந்துவிட்டது.

அம்மா மண்டையோட்டைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடாதே அம்மா, கிடக்கட்டும் அந்த ஆள் என்று எனக்குள் ஒரு குரல் கத்தியது.

"நான் எப்பவோ மன்னிச்சிட்டேன் சாமி. போகட்டும், பாவம்."

கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. யெராசிமோஸ் பாதிரியாரின் தங்கை ஓடிவந்து அம்மாவின் கையை முத்தமிட்டாள். ஸ்தாமாதிஸ் வேறொரு மண்வெட்டியோடு மண்ணைத் தள்ளத் தயாரானான்.

லெஃப்தெரிஸ் பாதிரியார் அவனைக் கையமர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவரோடு சேர்ந்து எல்லோரும் திரும்பினார்கள்.

"மக நீங்களும் இருக்கீங்களே, ஃபோத்தினி அக்கா. ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

குரலில் கெஞ்சல் இருந்தது. பயமும் இருந்தது.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். அம்மாக்களின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்து நின்ற அந்தப் பிள்ளைகளுக்காகவாவது சொல்லலாம்.

வாயைத் திறந்தேன். மனசில்லாமல் சொன்னால், அடுத்த முறை இந்தக் குழியைத் திறக்கும்போது மண் என்னைக் காட்டிக் கொடுத்துவிடுமே என்று பயமாக இருந்தது.