சுத்த சைவ பேக்கரி

“ஏலே ஜேசுதாசா, இந்தப் படத்துல இருக்கது என்னது, உருளைக்கெழங்கா?”

தெருச் சங்கச் செயலாளர் சோலைராஜ் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். மஞ்சள் டப்பா. மேலே கொழுகொழுவென்று ஒரு முட்டைப் படம். உள்ளே கடலை மாவு மாதிரிப் பொடி.

கல்யாணத்துக்கு இருநூறு பன் சொல்ல வந்தவன், சீனி மூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து இழுத்துப் போட்டுவிட்டான்.

மத்தியானச் சோறு கொண்டுவந்த ஏசம்மாள் தூக்குச்சட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே தலை குனிந்து நிற்பது அவள் புருஷன் ஜேசுதாசன்.

ராஜபாளையத்தில் அந்தத் தெரு முழுக்கச் சைவம். கடை இருப்பது சங்கத்துக் கட்டடத்தில். முட்டை உள்ளே வரக்கூடாது என்று பேசித்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் சாவி கொடுத்தார்கள். ஜேசுதாசனும் அந்தப் பேச்சைத் தாண்டியதில்லை. பெற்ற பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் என்றால்கூட செட்டியார்பட்டி வீட்டில் வைத்துத்தான் செய்வான். கடை அடுப்பில் ஏற்ற மாட்டான்.

முட்டையைக் காயவைத்துப் பொடியாக்கி டப்பாவில் அடைத்து விற்கிறார்கள் என்பதே, அந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில், பாதித் தெருவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அப்போ நாம தின்ன பன்னு?” பால்ச்சாமி வயிற்றைத் தடவினான். “எம்புட்டு முட்டை உள்ளே போயிருக்கோ!”

“வெரதத்தன்னைக்கும் இவன் ரொட்டியத்தான தின்னேன், படுபாவி!” என்றாள் அய்யம்மாள்.

“பன்னுல போடலை,” என்றான் ஜேசுதாசன். “வேதத்து மேல சத்தியமா போடலை.”

“பொறவு யாருக்குலே இது?”

ஜேசுதாசன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

சொல்லித் தொலையுங்களேன் என்று ஏசம்மாளுக்கு மனசு அடித்துக்கொண்டது. உள்ளே இருக்கும் செங்கல் அடுப்பு அவள் கழுத்துச் சங்கிலியை விற்றுக் கட்டியது. கடை போனால் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டா போக முடியும்?

கூட்டம் விலகியது. சங்கத் தலைவர் சங்கரலிங்கம் வந்தார்.

“நீங்க சத்தம் போடாதிய அண்ணாச்சி. இப்பத்தான் உடம்பு தேறியிருக்கு,” என்றான் சோலைராஜ்.

“ஒதுங்குலே. ஆசாரத்தை விடவா உடம்பு பெருசு?” அவர் ஜேசுதாசன் முன்னால் போய் நின்றார். “சொல்லு. யாரு கொண்டாந்த டப்பா இது?”

ஜேசுதாசன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“எனக்குத்தான் அண்ணாச்சி. நெஞ்சுல சளி. பால்ல கலக்கிக் குடிக்கச் சொல்லி டாக்டர் சொன்னாரு.”

“குடிக்கிறவன் வீட்டுல வச்சுக் குடிக்க வேண்டியதுதான? எங்க கட்டடத்துக்குள்ள முட்டை வரலாமா?”

சங்கரலிங்கம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“பேச்சுன்னா பேச்சுதான். பத்து நாள்ல காலி பண்ணிரு.”

ஏசம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“அண்ணாச்சி, அடுப்பைப் பேத்து எடுத்துட்டுப் போக முடியாது. ரெண்டு பிள்ளைய படிக்குது. இந்த ஒரு தடவை பொறுத்துக்கிடுங்க.”

“செத்த சும்மா இரு தாயி. ஒனக்குப் பாவம் பார்த்தா நாளைக்கு எவன் எங்களை மதிப்பான்?”

பதினோரு வருஷம் ஜேசுதாசன் பன்னைத் தின்று பிள்ளை வளர்த்த தெரு. ஒருத்தர்கூட அவளுக்காக வாய் திறக்கவில்லை.

சங்கரலிங்கம் தோள் துண்டை எடுத்து, கை படாமல் டப்பாவைச் சுற்றினார்.

“சாட்சிக்கு இது எங்கிட்ட இருக்கட்டும்.”

கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கூட்டமும் பின்னாலேயே போனது.

சாயங்காலம் வரை கடைக்கு ஒரு ஈ காக்காகூட வரவில்லை. ஜேசுதாசன் வாசல் பலகையைப் பாதி போட்டான்.

“ஒங்களுக்கு எந்த நெஞ்சுல சளி?” ஏசம்மாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். “பதினோரு வருஷமா ஒரு தும்மல் தும்மிப் பார்த்ததில்ல நான்.”

“விடுட்டி.”

“எப்படி விட? யாருதுன்னு சொல்லியிருந்தா கடை பொழைச்சிருக்கும்ல?”

“சொல்லியிருந்தா அந்த ஆளு இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நம்பிச் சொன்ன மனுசனை நாலு பேரு முன்னால காட்டிக் குடுக்கச் சொல்லுதியா?”

அவள் மேலே கேட்பதற்குள் அவன் எழுந்துபோய் அடுப்பில் பால் வைத்தான்.

“யாவாரமே இல்ல. இப்போ எதுக்குப் பால்?”

அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

பின்கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். ஜேசுதாசன் திறந்தான்.

சங்கரலிங்கம் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ஏசம்மாளைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவள் அங்கே இல்லாத மாதிரி முக்காலியில் உட்கார்ந்து, கக்கத்துத் துண்டைப் பிரித்து டப்பாவை நீட்டினார்.

ஜேசுதாசன் டப்பாவை வாங்கினான். ரெண்டு கரண்டிப் பொடியை ஆறின பாலில் கட்டியில்லாமல் குழைத்து, சூட்டுப் பாலை ஊற்றி ஆற்றிக் கொடுத்தான்.

அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். வந்த வழியே கிளம்பியவர், பின்வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“புதுக் கடையைப் பக்கத்துத் தெருவுலயே பாரு ஜேசுதாசா. இன்னும் ஆறு மாசம் குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”