பனிக்கட்டிக்குக் குங்குமம்

பருவநிலை மாநாட்டு மேடையில் அந்தச் சாண் நீளப் பனிக்கட்டியைத் தாம்பாளத்தில் வைத்ததும், ஒருங்கிணைப்பாளர் சதானந்தம் முதல் காரியமாக அதற்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். பக்கத்திலேயே குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிந்தது.

“ஐஸ் பெட்டிக்குள்ள வச்சிடலாம் சார். அந்த மலையில இனிமே பனியே இல்ல. இதுதான் கடைசித் துண்டு,” என்றாள் அதை வெட்டி எடுத்துவந்த வான்மதி.

“அமைச்சர் பேசி முடிக்கட்டும்மா. போட்டோல தெரியணும்ல.”

பனி உருகினால் உலகம் என்னாகும் என்று அமைச்சர் மத்தியானம்வரை முழங்கினார். முடித்தபோது தாம்பாளத்தில் சிவந்த தண்ணீர்தான் மிச்சம். அவர் அதில் விரல் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். அவ்வளவுதான், முன்வரிசை முழுக்க எழுந்து வந்துவிட்டது. அந்தப் பனியின் வயதைக் கணக்கிட்ட முனைவர்களே வலது கையைக் குழித்து வாங்கிக் குடித்து, ஈரத்தை உச்சியில் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வான்மதி காலிப் பெட்டியை மூடினாள்.

சதானந்தம் காலித் தாம்பாளத்தோடு அவளிடம் வந்தார்.

“அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் பெரிசா கொண்டுவாங்க மேடம். பின்வரிசைக்குப் பத்தல.”