வாழைக்குத் தாலி

பூமிகாவோடு கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை செய்யும் அன்புசெல்வன், அவளைப் பெண் கேட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதுமே அவள் அம்மா செல்வி அலறினாள்.

"ஐயோ, ரெட்டைச் சுழி! ரெண்டு பொண்டாட்டி நிச்சயம். சுழி பொய் சொல்லாது."

"அதுக்கு இன்னா பண்றது அத்தே?"

"மொதல்ல வாழமரத்துக்குத் தாலி கட்டி, அத்த வெட்டிடு. அப்பால என் பொண்ணு ரெண்டாவது. பயமில்ல."

வேண்டவே வேண்டாமென்று பூமிகா அழுதும் செல்வி மசியவில்லை.

மறுநாள் அன்புசெல்வன் வாழைக்கு மூன்று முடிச்சு போட்டான். அவன் வெட்டுவதற்குள் பூமிகா கத்தியைப் பிடுங்கி, மரத்தை ஒரே வெட்டாக வெட்டினாள்.

"உனுக்கு இன்னாடி அவ்ளோ கோவம்?"

"என் புருசனுக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணி வெச்சா கோவம் வராதா? நாங்க போன மாசமே ரெஜிஸ்டர் மேரேஜ் பண்ணிக்கினோம்மா!"

செல்வி மாப்பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்தாள்.

"சுழி பொய் சொல்லாதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"