ஒரு பக்கக் கன்னம்

அந்த ஆள் என் கணவரைப் பார்த்துப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்கேன் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. இவர் மெஷின் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே டெக்னீஷியன், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் உப்பி, வாயைக் கோணிக்கொண்டு நிற்கிறான்.

அசல் இவர் முகம் மாதிரியே.

இவருக்கு வலது கன்னம் அப்படித்தான் வீங்கியிருக்கிறது. நைட் ஷிஃப்டில் தூக்கத்தை விரட்டப் பழகிய பாக்கு. உள்ளே இருக்கும் புண்ணில் சதை எடுத்துப் பார்த்ததில் கேன்சர் என்று வந்துவிட்டது. எலும்புவரை போயிருந்தால் தாடையையும் எடுக்க வேண்டுமாம். சி.டி. ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வார்களாம்.

மறைமலைநகர் கம்பெனியில் பல்வலி என்று சொல்லி லீவு போட்டிருக்கிறார். பத்து நாளாக வீட்டில் பேச்சே இல்லை. இன்று காலை ஆஸ்பத்திரியில் என்னிடம் இரண்டு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"இன்னா சார், அவ்ளோதானா? நல்லா உப்பு. விடாத, விடாத..."

இவர் உப்பினார். புஸ்ஸென்று காற்று போய்விட்டது. அந்த ஆள் சிரித்தான். என் இடுப்பில் இருந்த சிநேகாவும் குட்டிக் கன்னத்தை உப்பிக் காட்டினாள்.

கோபம் வந்தால் எனக்குக் கான்வென்ட் இங்கிலீஷ்தான் வரும். கதவைத் தள்ளிக்கொண்டு போய், மனுஷனா நீ, சீக்காளியை வைத்து விளையாட வெட்கமாக இல்லையா என்று அதிலேயே பொரிந்து தள்ளினேன்.

"ஜெபா... வேணாம்" என்றார் இவர். வாய்தான் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்காதே, பாதி வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி ஆயா ரெபேக்காள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"இன்னாமா நீ, படிச்ச பொண்ணா கீற. கன்னம் ஈறோட ஒட்டிகினு இருந்தா, புண்ணு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு படத்துல தெரியாது. காத்த புடிச்சு உப்பிகினா பிரிஞ்சு தெரியும். அதைத்தான் சொல்லித் தராரு."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இவ்வளவு பெரிய மெஷின். அதற்கு வாயில் காற்றா?

"காலைல ஒருத்தர் நடுவுல காத்த வுட்டுட்டாரு. மறுபடியும் படுக்க வெச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. அதான் இப்பவே பழக்குறாரு."

மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் அந்தக் கோணல் வாய் கண்ணை விட்டுப் போகவில்லை.

"சரி, சொல்லித் தரட்டும். ரெண்டு கன்னத்தையும் உப்பிக் காட்ட வேண்டியதுதானே? இவரை மாதிரியே ஒரு பக்கத்தைக் கோணிக் காட்டினா அதுக்குப் பேர் என்ன?"

ரெபேக்காள் என் கையை விட்டுவிட்டாள். டெக்னீஷியனின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

டெக்னீஷியன் மாஸ்க்கை முழுசாகக் கழற்றினார். அது மறைத்திருந்த வலது தாடையில் ஒரு நீளத் தழும்பு, அப்படியே கழுத்துக்குள் இறங்கியது.

"ரெண்டு பக்கமும்தான் உப்புறேன் மேடம். இந்தப் பக்கம் எழும்பாது. எனக்கும் இதே ஆபரேஷன் முடிஞ்சு எட்டு வருஷம் ஆவுது."