எழுபது வாட்

காளீஸ்வரனுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. அவன் கையால் செய்த கரண்டு மீட்டர் பொய் சொல்கிறதாம். சொன்னவள் அவன் மனைவி முத்துச்செல்வி.

தாயில்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் அவன். கடையில் மிஞ்சிய சாமான்களை வைத்து, வீட்டில் எந்நேரம் எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று செல்போனில் காட்டும் கருவி ஒன்றைச் செய்திருந்தான். தெருவே மெச்சியது.

அது தினமும் காலை பத்து மணிக்கு எழுபது வாட் என்று காட்டும். நாலு மணிக்குச் சைபர் ஆகிவிடும். அந்த நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கும். முத்துச்செல்வி ஏழு மணிக்கே பட்டாசுக் கம்பெனி வேனில் போய்விடுவாள்.

"எழுபது வாட்னா காத்தாடி. பகல்ல நம்ம வீட்டுல யாரு காத்தாடி போடுறது?"

"ஒங்க மீட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. பேசாம தூக்கிப் போடுங்க."

ரோஷம் வந்துவிட்டது. காயிலை மாற்றினான். ஈயப் பற்றையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். நூறு வாட் பல்பு போட்டால் நூறு என்றே காட்டியது. கருவி யோக்கியம்தான்.

"எவனோ நம்ம லயன்ல கொக்கி போடுறான். இருக்கு அவனுக்கு!"

முத்துச்செல்வி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது அவளிடம் சொல்லாமல் பீஸ் கட்டையைப் பிடுங்கி வைத்தான். சாயங்காலம் வந்து மாட்டினான். அடுத்த நாளும் அப்படியே செய்தான். இரண்டு நாளும் பகலில் சைபர். மூன்றாம் நாளும் பிடுங்கி வைத்துவிட்டு, கரண்டு ஏன் வரவில்லை என்று பார்க்க வரும் திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க மதியமே வந்துவிட்டான்.

கதவு திறந்து கிடந்தது.

உள்ளே எதிர்வீட்டுக் கருப்பம்மாள் வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். போன சீசனில் கம்பெனியில் வெடித்தபோது முதுகும் கைகளும் வெந்துபோனவள். வெந்த தோலில் வேர்வை வராது. வெக்கை ஏறினால் உடம்பு உள்ளுக்குள்ளேயே கொதிக்கும். அவள் வீடோ தகரக் கொட்டகை.

ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு, மடங்காத விரல்களுக்கு நடுவே காலண்டர் அட்டையைச் செருகி விசிறிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பதறி எழப் பார்த்தாள்.

"படுங்கத்தே... படுங்க."

தன்னை நினைத்தாலே அவனுக்குக் கூசியது.

"மூணு நாளா பகல்ல கரண்டே இல்ல தம்பி. இருந்தாலும் எங்க தகரத்துக்கு இங்கன தேவல."

காளீஸ்வரன் அண்ணாந்து, சுற்றாத காத்தாடியைப் பார்த்தான்.

"நீங்கதான் சாவி குடுத்து இங்கன படுத்துக்கிடச் சொன்னீகளாம், முத்துச்செல்வி சொன்னா. பெத்த பிள்ளைக்குக்கூட இம்புட்டு மனசு வராதுய்யா."

அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கருப்பம்மாளே தேற்றினாள்.

"அட, நீங்க எதுக்குக் கலங்குதீக? கரண்டு வராததுக்கு நீங்க என்ன செய்வீக?"