கேட்கக் கூடாத கேள்வி

"வாயை மூடு, ஜுல்மிரா."

"நான் எதுக்கும்மா மூடணும்? அவன் என்ன..."

"வீட்டை எரிச்சான். அதை மட்டும் கேளு."

"வீடு போனாப் போகுது! அண்ணனை..."

"அந்தப் பேச்சை எடுத்தே, என் பக்கத்துல உக்காராதே. எந்திரிச்சுப் போயிடு."

தாய் ஃபெலிஸ்மினாவும் மகள் ஜுல்மிராவும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். தேவாலய முற்றத்தில் பெரிய பாய் விரித்தாகிவிட்டது. வழக்குத் தீராமல் அந்தப் பாயைச் சுருட்டுகிற வழக்கம் அந்த மலையூரில் கிடையாது.

பாயின் நடுவில் செலஸ்தினோ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், தீமோர் நாட்டின் விடுதலைக்கு ஓட்டு விழுந்த மறுவாரம், அதை எதிர்த்த துப்பாக்கிக் கும்பலோடு வந்து ஊரைக் கொளுத்தியவன். எல்லை தாண்டி ஓடிப்போனவன் இப்போது பெண்டாட்டி பிள்ளையோடு திரும்பியிருக்கிறான். ஊர் மன்னித்தால் இருக்கலாம்.

ஃபெலிஸ்மினாவின் மகன் தொமே, ஓட்டுப்பெட்டியைத் தோளில் சுமந்து மலையிறக்கியவன். அதே வாரம் அவனை லாரியில் ஏற்றிப் போனார்கள். லாரியில் செலஸ்தினோ நின்றதைக் காப்பிச் செடிகளுக்குள் ஒளிந்திருந்து ஜுல்மிரா பார்த்தாள். தொமே திரும்பி வரவில்லை.

தலைநகரிலிருந்து வந்திருந்த அதிகாரி லம்பெர்த்தோ நோட்டைப் பிரித்தார். "தீ வெச்சது, அடிச்சது, மாடு திருடினது, இதெல்லாம் இங்கேயே பேசி முடிச்சுக்கலாம். கொலைன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா நோட்டை மூடிருவேன். அப்புறம் பெரிய கோர்ட்டுதான்."

"போகட்டுமே!" என்றாள் ஜுல்மிரா.

ஃபெலிஸ்மினா அவள் தொடையில் கிள்ளினாள். "அங்க போனா என்ன செய்வாங்க, ஐயா?"

"வக்கீல் குடுப்பாங்கம்மா. வாயைத் திறக்காதேங்கறதுதான் அவர் சொல்லிக் குடுக்கற முதல் பாடம்."

"அந்த வக்கீலை எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு அனுப்பி வைங்க" என்றார் ஊர்த்தலைவர். கூட்டம் சிரித்தது. ஃபெலிஸ்மினா சிரிக்கவில்லை.

செலஸ்தினோ மெல்லப் பேசினான். "பதினோரு வீட்டுக்குத் தீ வெச்சேன். பள்ளிக்கூடத்துக்கும்தான். வெக்கலேன்னா உன்னைக் கொன்னுருவோம்னு சொன்னாங்க. தப்புத்தான். மன்னிச்சுருங்க."

பக்கத்து வீட்டுக் கிழவர் எழுந்தார். "அது சரி. அந்த லாரி வந்துச்சே, அதுல யாரை..."

"என் எருமையை ஏத்தினான்!" ஃபெலிஸ்மினா சத்தமாகக் குறுக்கிட்டாள். "அதானே கேக்கறே, பெரியவரே? அதை நான் விட்டுட்டேன். நீ உக்காரு."

கிழவர் உட்கார்ந்தார். செலஸ்தினோ அன்றைக்கு முதல் முறையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"எருமையா?" ஜுல்மிராவின் குரல் கிறீச்சிட்டது. "எத்தனை பன்னி அபராதத்துக்கும்மா அண்ணனை வித்தே?"

பளாரென்று ஓர் அறை விழுந்தது.

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. "யாரு அண்ணன்?"

"என் மகன்தான், ஐயா. தலைநகர்ல வேலையா இருக்கான். கடுதாசி போடறதில்ல. அந்த ஏக்கம் இவளுக்கு" என்றாள் ஃபெலிஸ்மினா.

அதிகாரி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் பேசவில்லை. பேனா மறுபடி ஓடத் தொடங்கியது.

பள்ளிக்கூடத்துக் கூரையை அவனே வேய்ந்து தர வேண்டும், ஊருக்கு ஒரு பன்றி தர வேண்டும் என்று முடிவானது. செலஸ்தினோ கைநாட்டு வைத்தான். ஃபெலிஸ்மினாவும் வைத்தாள். அதிகாரி நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

"கறி வெந்ததும் சொல்லி அனுப்பு, ஃபெலிஸ்மினா. கொழுப்பு உனக்குத்தான்" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். இன்னொருத்தி காலடியில் துப்பினாள்.

ஜுல்மிரா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இனிமே நான் உன் வீட்டுக்கு வரமாட்டேன். செத்தாக்கூட."

"போடி" என்றாள் ஃபெலிஸ்மினா. மகள் கண்ணில் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஊர்த்தலைவர் பாயைச் சுருட்ட வந்தார். "நான் சுருட்டிக்கறேன், நீங்க போங்க" என்று அவரையும் அனுப்பிவிட்டாள்.

முற்றத்தில் இருவர்தான் மிஞ்சினார்கள். செலஸ்தினோ முழங்காலிலேயே நகர்ந்து வந்து அவள் காலைத் தொட்டான்.

"அத்தை, சின்ன வயசுல உன் கையால எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன். அதை நெனச்சுத்தான் என்னைக் காப்பாத்தினியா?"

அவள் ஒரு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை மென்று முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கார் பாலத்தைத் தாண்டிருக்குமா?"

"தாண்டிருக்கும், அத்தை."

"அந்த நோட்டு?"

"அதுவும் கார்லதான் போகுது."

"உனக்கு வக்கீல் யாரும் இல்லையே?"

"எனக்கு எதுக்கு அத்தை வக்கீல்? அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே."

அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவன் முகத்தருகே குனிந்தாள்.

"தொமேயை எங்கேடா பொதைச்சே?"