எண்ணெய் கேட்காத இரும்பு

பையில் பதினோரு கத்திகளோடு கடைக்குள் நுழைந்தார் கத்தி சார். அவர் வந்த வேகத்தைப் பார்த்து, பழைய கடிகாரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்த பெண்மணி பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியேறினார்.

"அசல் நேபாளத்துக் கத்தின்னு சொல்லி என் தலையில கட்டினீங்களே, நல்லா இருப்பீங்களா?"

கடைக்காரர் எழுந்தே விட்டார். "என்ன சார் ஆச்சு? முதல்ல உட்காருங்க."

"உட்கார வரல. இதைப் பாருங்க!"

ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவி மேஜைமேல் வைத்தார். நடுவில் வளைந்து நுனிப்பக்கம் அகன்ற குக்ரிகள். அத்தனையிலும் செம்மண் தெளித்த மாதிரி துரு.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவர் சூப்பிரண்டு. கத்தி சார் என்று பெயர் வைத்தது அங்கே இருப்பவர்கள்தான். கத்தி சேர்ப்பதால் மட்டும் வைத்த பெயர் அல்ல.

எட்டு வருஷமாக இதே கடையில் பார்த்துப் பார்த்து வாங்கியவை அவை. வீட்டுக்கு வந்தவர் யாரும் தப்ப முடியாது. முதலில் கொம்புப் பிடி போட்ட கத்தியைச் சுவரிலிருந்து இறக்குவார்.

"மெஷின்ல செஞ்சதில்ல சார். மலையில ஒரு மனுஷன் உட்கார்ந்து அடிச்சது. இந்தச் சுத்தியல் தடத்தைப் பாருங்க. ரெண்டு கத்தி ஒரே மாதிரி இருக்கவே இருக்காது."

சொல்லும்போது பேரப்பிள்ளையைக் கையில் வாங்கியவர் போல முகம் மலர்ந்திருக்கும். கடைசியில் தவறாமல் ஒன்று சொல்வார்.

"எட்டு வருஷத்துல ஒரு சொட்டு எண்ணெய் போட்டதில்ல. ஒரு பொட்டுத் துரு உண்டா? அதான் அசல்!"

மனைவி மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை. "காய் நறுக்க ஆகுமா, கயிறு அறுக்க ஆகுமா? சுவர் பூரா கத்தி. வீடா இது, போலீஸ் ஸ்டேஷனா?"

"உன் தையல் மெஷின் மட்டும் என்ன வாழுதாம்? மூணு வருஷமா ஒரு தலையணை உறை தைச்சதில்ல. எண்ணெய் மட்டும் மாசம் ஒரு பாட்டில்! பக்கத்துல வந்தாலே அந்த வாசனைதான்."

"மெஷின்னு இருந்தா எண்ணெய் குடிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார் அந்த அம்மாள்.

மகளின் பிரசவத்துக்காக மனைவி கிளம்பிப் போய் இரண்டு மாதம் ஆகிறது. இனிமேல் காபி கிடைக்காது என்று தெரிந்ததும் கத்தி பார்க்க வருபவர்களும் நின்றுவிட்டார்கள். மழைக்காலம் முழுக்கக் கத்திகள் உறையை விட்டு வெளியே வரவில்லை. நேற்று எடுத்துப் பார்த்த மனுஷன் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை சேகரிப்போர் சங்கத்துலேர்ந்து இருபது பேர் என் வீட்டுக்கு வர்றாங்க. நான் பேசப்போற தலைப்பு தெரியுமா? 'எண்ணெய் கேட்காத இரும்பு.' அழைப்பிதழ்ல அச்சடிச்சாச்சு! எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இதைக் காட்டுவேன்?" கொம்புப் பிடி போட்டதைக் கையில் எடுத்துக்கொண்டார். "எட்டு வருஷமா இதுங்களை அசல்னு நம்பிட்டேனே."

கடைக்காரருக்குக் கோபம் வரவில்லை. ஒரு கத்தியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அசலா இருக்கறதாலதான் சார் துருப்பிடிச்சிருக்கு. கொல்லர் பட்டறையில அடிச்ச இரும்பு. மழைக்காலத்துல பத்து நாள் எண்ணெய் படலைன்னா இப்படித்தான் ஆகும். வாங்கும்போதே சொன்னேனே."

"சொன்னீங்க. நான்தான் போடவே இல்லையே! எட்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே!"

"தொட்டா எப்படி இருக்கும்?"

"லேசா வழுவழுன்னு இருக்கும். அது நல்ல இரும்போட குணம்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். "வீட்ல உங்களைத் தவிர வேற யார் சார் இருக்காங்க?"

"என் சம்சாரம். அவளுக்குக் கத்தின்னாலே ஆகாது."

"இப்ப எங்க இருக்காங்க?"

"மகள் வீட்ல. ரெண்டு மாசமாச்சு. அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

கடைக்காரர் ஓர் உறையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அதை அவரிடம் நீட்டினார்.

"நீங்களே மோந்து பாருங்க."

கத்தி சார் முகர்ந்தார். இன்னோர் உறையை எடுத்தார். அப்புறம் மூன்றாவதை. பதினொன்றையும் முகர்ந்து முடித்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசனை. தினமும் அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்த அதே வாசனை.

 எட்டு வருஷமாக ஊரெல்லாம் சொன்னதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. மெதுவாகப் போனை எடுத்தார்.

"என்ன, நான் இல்லாத நேரமா பார்த்துப் பன்னிரண்டாவதையும் வாங்கியாச்சா?" எடுத்த எடுப்பிலேயே கேட்டார் மனைவி.

"இல்ல... வந்து... அந்தத் தையல் மெஷின் எண்ணெயை எங்க வெச்சிருக்க?"



"ஐயையோ, துருப்பிடிச்சிடுச்சா? முதல்ல அந்தக் கொம்புப் பிடி போட்டதை எடுத்துத் துடைங்க. உங்களுக்கு அதுன்னா உசிராச்சே!"